ஒரு நன்றியைத் திரும்பப் பெற, அடையாறிலிருந்து சாந்தோமுக்கு

“டீச்சர், இந்த ஊர்ல நன்றி சொன்னா ஏன் கோபப்படுறாங்க?” என்று ரினி ஒருநாள் கேட்டாள். மிசோரத்திலிருந்து வந்து இங்கே முதுகலை படிக்கும் பெண். அடையாறில் எங்கள் வீட்டு மாடியறையில் தங்கியிருக்கிறாள், தமிழ் ஓரளவு பழகிவிட்டது. அந்தக் கேள்விதான் டிசம்பர் மாதச் சனிக்கிழமை ஒன்றில் எங்களைக் கிளப்பியது.

நடந்தது இதுதான். அக்டோபரில் நான் மகள் வீட்டுக்குப் பெங்களூர் போயிருந்தபோது ரினிக்குக் கடும் காய்ச்சல். எங்கள் தெருவில் மீன் விற்கும் சாந்தோம் குப்பத்து மேரிதான் ஒன்பது நாள் மாடியேறிக் கஞ்சி கொடுத்திருக்கிறார். குணமானதும் ரினி ஒரு புடவையும், ‘மிக்க நன்றி’ என்று எழுதிய அட்டையும் கொடுத்தாள். மறுநாளிலிருந்து மேரி எங்கள் வாசலில் குரல் கொடுப்பதில்லை. திங்கட்கிழமை ரினி கிறிஸ்துமஸுக்கு ஊருக்குக் கிளம்ப வேண்டும். “ஜெபத்துல ஒவ்வொருத்தர் பேரா சொல்லி ஸ்தோத்திரம் சொல்வேன் டீச்சர். மேரி அக்கா பேர் வந்ததும் ஜெபம் நின்னுடுது” என்றாள்.

காலை 6.40-க்கு அடையாறு பணிமனையில் பஸ் ஏறினோம். சாதாரணப் பேருந்து, பெண்களுக்குக் கட்டணமில்லை. பாலத்தின் மேல் போகும்போது ஆறு எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ராஜா அண்ணாமலைபுரத்து மரங்கள் பாதித் தூக்கத்தில் ஜன்னலைக் கடந்தன. ரினி உதடுகளை அசைத்தபடி வந்தாள். நான் எழுதிக் கொடுத்த மன்னிப்புரையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். ‘தாங்கள் ஆற்றிய பேருதவி’ என்று தொடங்கும், ஒன்பது வரி.

7.05-க்கு மயிலாப்பூர் குளத்தருகே இறங்கி, சாந்தோம் தேவாலயத்து மாதாவுக்கு ஒரு முழம் மல்லி வாங்கினேன். நாற்பது ரூபாய். பூக்காரம்மா ரினிக்கும் ஒரு துண்டு கிள்ளிச் சும்மா கொடுத்தார்.

“மிக்க நன்றி அம்மா!”

“இன்னாம்மா, மீட்டிங் முடிஞ்சிச்சா? மைக்க ஆஃப் பண்ணிடவா?”

பக்கத்துக் கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. முப்பத்தொரு வருடம் பேச்சுப் போட்டிக்கு எழுதிக் கொடுத்தவள் நான். தலைப்பு எதுவானாலும் கடைசி வரி ‘நன்றி, வணக்கம்’தான். பேச்சு முடிந்தது, மேடையை விட்டு இறங்கலாம் என்று பொருள். வீட்டில் சோறு போடும் அக்காவிடம் அதை யார் சொல்கிறோம்? ரினிக்கு அந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்ததும் நான்தான்.

அங்கிருந்து ஆட்டோவில் சாந்தோம் இரண்டு கிலோமீட்டர், எழுபது ரூபாய். தேவாலயத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்தோம். வண்ணக் கண்ணாடி வழியாக வந்த நீலம் ரினியின் கைமேல் கிடந்தது. கண்ணை மூடினால் கடல் நம் பெஞ்சுக்கு அடியில் புரளுவதுபோல் இருந்தது. கண்ணைத் திறந்தபோது அவள் என் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

குப்பம் அங்கிருந்து ஐந்து நிமிட நடை. மேரி வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்.

“இன்னா டீச்சரு, இவ்ளோ தூரம்?” என்றவர், ரினியைப் பார்க்காமலே தொடர்ந்தார். “எம் பொண்ணுக்குக் கஞ்சி குடுத்தா, அது பொடவை வாங்கியாந்து நன்றி சொல்லுமா? நான் இன்னா வேத்தாளா?”

ரினி மணலில் உட்கார்ந்தாள். “அக்கா, காய்ச்சல்ல கண்ணத் தொறந்தேன். நீங்க இருந்தீங்க. எனக்குச் சந்தோஷம். இப்பவும் இருக்கீங்க. எனக்குச் சந்தோஷம்.” அவ்வளவுதான் சொன்னாள்.

அவள் மொழியில் நன்றிக்குக் ‘கா லோம் ஏ’ என்பார்களாம். எனக்கு மகிழ்ச்சி என்று பொருளாம். திரும்பும் வழியில் சொன்னாள்.

மேரியின் கத்தி சற்று நின்றது. “ஊருக்குப் போறியாமே. எப்ப வருவ?”

“ஜனவரி ஆறு.”

“திரும்பி வரச்சொல்லோ உங்கூரு மொளகா எடுத்துனு வா. காரம் பத்தலன்னா உன்னிய உள்ளயே விடமாட்டேன்.”

ரினி சிரித்துக்கொண்டே அழுதாள். ஒருவர் உரிமையோடு நம்மிடம் ஒன்றைக் கேட்பதைவிடப் பெரிய மன்னிப்பு எனக்குத் தெரியவில்லை.

போக விரும்புகிறவர்கள் ஏழு மணிக்குள் கிளம்புங்கள், ஒன்பதுக்கு மேல் வெயில் ஏறிவிடும். போக ஒரு மணி நேரம் போதும். திரும்ப நேரம் குறிக்காதீர்கள், எங்களை மேரி பதினொன்றரைக்குத்தான் விட்டார்.

இந்த வாரம், உங்களுக்கு உதவிய ஒருவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போய் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.