பதினொரு பேரின் கடைசி வார்த்தை

குளிர்காலத்தில் உறைந்துபோகும் கடலில் இருக்கும் ஓலாந்துத் தீவுக்கூட்டத்தின் தென்கோடியில் லாங்ஷேர் என்ற சின்னத் தீவில் பிறந்தவன் எவால்ட். பதினாறு வயதில் கப்பலில் சமையல் வேலைக்குச் சேர்ந்தான். முப்பத்துநாலு வயதுவரை வேறு வேலை பார்க்கவில்லை, கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. பட்டாணி சூப்பும் உப்பு மாமிசமும் சுமாராகத்தான் செய்வான். காபி மட்டும் நன்றாக இருக்கும் என்று மற்றவர்கள் சொல்வார்கள்.

அவன் கடைசியாக வேலை பார்த்த 'பிரெட்ரிகா' தீவுக்காரர்களே கூடிக் கட்டிய பாய்மரக் கப்பல். கேப்டன் முதல் சமையற்காரன் வரை பன்னிரண்டு பேரும் லாங்ஷேர்தான். 1893 நவம்பரில் மரப்பலகை ஏற்றிக்கொண்டு இங்கிலாந்துக்குப் போகும்போது, டென்மார்க்கின் மேற்குக் கரையோரம் புயலில் மாட்டி, பட்டப்பகலில் மணல்திட்டில் ஏறி நொறுங்கிப் போனது. மேல்தளத்தில் தனியாக நின்ற சமையலறையை ஓர் அலை அப்படியே பெயர்த்துக் கரையில் கொண்டுபோய்ப் போட்டது. அதற்குள் எவால்ட் இருந்தான். மற்ற பதினொரு பேரில் ஒருவர்கூடக் கரை சேரவில்லை. உடல்களும் கிடைக்கவில்லை.

அங்கிருந்த மீனவர்கள் அவனுடைய உடைந்த கைக்குக் கட்டுப் போட்டு, ஒரு மாதம் வைத்துப் பார்த்து, ஊருக்கு அனுப்பினார்கள். கிறிஸ்துமசுக்கு நான்கு நாள் முன்னால் தபால் படகில் வந்து இறங்கினான். துறையில் பெண்கள் நின்றிருந்தார்கள். செய்தி எப்போதோ வந்துவிட்டது, அழுதும் முடித்துவிட்டார்கள். ஆனாலும் அவன் இறங்கிய பிறகும் எல்லோரும் அவன் முதுகுக்குப் பின்னால் படகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் பக்கத்தில் வந்தவள் செராபியா. அவளுடைய ஒரே மகன் ஆல்பினுக்குப் பத்தொன்பது வயது. அவள் எவால்டின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசியா என்னடா சொன்னான் என் பிள்ளை?"

எவால்ட் ஆல்பினைக் கடைசியாகப் பார்த்தது புயலுக்கு முந்தின நாள் சாயங்காலம். காலுறை காயப்போட அடுப்புப் பக்கம் இடம் கேட்டு வந்திருந்தான். அதைச் சொல்ல வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் வேறு வந்தது.

"பயமில்லைன்னு அம்மாகிட்ட சொல்லுன்னான், செராபியாம்மா."

அவள் கையை விட்டுவிட்டு, "அப்படியா சொன்னான்? அப்படித்தான் சொல்லுவான்," என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

ஒருத்திக்குச் சொன்ன பிறகு மற்றவர்களுக்கு எப்படி இல்லை என்பது? கிறிஸ்துமஸ் முடிவதற்குள் ஒவ்வொருத்தியாக அவன் வீட்டுக்கு வந்தார்கள். ஏலக்காய் ரொட்டியும் உப்பு மீனும் கொண்டுவந்து வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கேப்டன் மனைவிக்கு ஒரு ஜெபம். தச்சன் மனைவிக்குப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒருவருக்குச் சொன்னது இன்னொருவருக்கு வராதபடி, முந்தின நாளே அடுப்படியில் உட்கார்ந்து யோசித்து வைத்துக்கொண்டான்.

வராமல் இருந்தவள் எட்லா ஒருத்திதான். கப்பலில் பாய் தைக்கும் ரிக்கார்டின் மனைவி. குடாவுக்கு அந்தப் பக்கம் வீடு. பிப்ரவரியில் கடல் நன்றாக உறைந்த பிறகு, கிளை நட்டு வழி குறித்திருந்த பனிக்கட்டியின் மேல் நடந்து வந்தாள். கையில் எதுவும் கொண்டுவரவில்லை.

"எல்லாருக்கும் சொன்னியாமே. எனக்கு இல்லையா?" என்றாள்.

அவன் தயாராகத்தான் இருந்தான். "'கறுப்புப் பசுவை வித்துடாதேன்னு எட்லாகிட்ட சொல்லு. கூரையில ஒழுகற இடத்தை அண்ணனை விட்டு அடைச்சுக்கச் சொல்லு. அவளை மாதிரி ஒருத்தி எனக்குக் கிடைச்சதே பெரிசு'ன்னான்."

எட்லா தலையில் கட்டிய துணியை அவிழ்க்காமலேயே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"எதுக்கு?"

"இவ்வளவையும் சொல்லி முடிக்க. எங்க வீட்டுக்காரர் 'உப்பை எடு'ன்னு சொல்றதுக்குள்ள தட்டுல இருக்கற கஞ்சி ஆறிடும். கப்பல் உடையற நேரத்துல, நின்னு நிதானமா, ஒரு இடத்துல கூடத் திக்காம சொன்னாரா?"

எவால்ட் தலைகுனிந்தான். ரிக்கார்டுக்குத் திக்குவாய் என்பது அவனுக்குத் தெரியாததா? பதினெட்டு வருஷம் கூடவே இருந்தவன். பொய்யை யோசிக்கும்போது அது மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"நெஜத்தைச் சொல்லு. நான் உடைஞ்சு போயிட மாட்டேன்," என்றாள்.

சொன்னான். "நான் யாரும் சாகறதைப் பார்க்கல, எட்லா. கேப்டன் காபி கேட்டாரு. அடுப்பு அணைஞ்சு போச்சு, பத்தவெச்சுக்கிட்டிருந்தேன். ரிக்கார்டு கதவைத் திறந்து தலையை நீட்டினான். 'எ... எ...'ன்னான். உள்ள தண்ணி அடிக்குது, தீக்குச்சி நனையுது. 'இருடா, காபி வரும், போ'ன்னு கதவைச் சாத்திட்டேன். அப்புறம் எல்லாம் புரண்டுது. அவ்வளவுதான்." கொஞ்சம் நிறுத்தி, "உன் பேரைத்தான் சொல்ல வந்தானோ என்னமோ," என்றான்.

எட்லா தலையை ஆட்டினாள்.

"இல்லை. என் பேருக்கு மட்டும் அவருக்குத் திக்காது. ஊர்ல எல்லாரும் கேலி பண்ணுவாங்களே, மறந்துட்டியா? உன்னைத்தான் கூப்பிட்டிருக்காரு."

"தப்பிக்கறதுக்குப் படகை இறக்கியிருப்பாங்களோ?"

"இருக்கும். வெளிய வான்னு கூப்பிட வந்திருப்பாரு. போயிருந்தா நீயும் அவங்களோட போயிருப்ப." எழுந்து தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "மத்தவங்ககிட்ட நான் சொல்ல மாட்டேன். சொன்னதைச் சொன்னபடியே வெச்சுக்க. இனிமே மாத்திடாதே."

மாற்றாமல் வைத்திருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. எந்த வீட்டில் கால் வைத்தாலும் மறுபடி சொல்லச் சொன்னார்கள். ஒருமுறை ஆல்பின் சொன்னதாக 'பயப்படல' என்றுவிட்டான். "பயமில்லைன்னுதானே சொன்னான்? இப்ப என்ன வேற மாதிரி சொல்றே?" என்று செராபியா குழம்பிப் போனாள். அதற்குப் பிறகு எவால்ட் பிறர் வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டான்.

தேவாலயத்தில் இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள். வலப்பக்கத்தில் நான்கு கிழவர்களும் சில பையன்களும் முன்வரிசையில் இருப்பார்கள். நடுவில் ஆறு பெஞ்சு காலி. அதற்குப் பின்னால் அவன். பாடும்போது தன் குரல் தனியாகக் கேட்கிறது என்று பாடுவதை விட்டுவிட்டான்.

எட்லா வீட்டில் மட்டும் அவன் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாரத்துக்கு ஒருநாள் விறகு பிளந்து கொடுப்பான். அவள் காபி போடுவாள்.

"உன் காபியை விட என்னது மோசம்னு தெரியும். குடி," என்பாள்.

வேறு பேச்சு அதிகம் இருக்காது. ரிக்கார்டைப் பற்றி இருவரும் பேசுவதே இல்லை. இரண்டாவது வருஷம் ஊர் வாய் திறந்தது. "பதினொரு பேர் போய் ஒருத்தன் வந்தான், அவனையும் அவ வளைச்சுப் போட்டுட்டா," என்று தச்சன் மனைவி எட்லா காதில் விழும்படியே சொன்னாள். அந்த வசந்தத்தில் பனி உடைந்ததும் எட்லா மரியஹாமன் பட்டணத்தில் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டாள். அவளுடைய பெட்டியை எவால்ட்தான் துறைக்குத் தூக்கி வந்தான்.

"நீயும் எங்கயாவது போயேன், எவால்ட். இங்க இருந்து என்ன பண்ணப் போறே?"

"நான் போனா இவங்க யாரைக் கேப்பாங்க?" என்றான்.

அவள் பெட்டியை வாங்கிக்கொண்டு படகில் ஏறினாள்.

அதற்குப் பிறகு இருபத்துமூன்று வருஷம் அவன் லாங்ஷேரிலேயே இருந்தான். பெரிய கடலுக்குப் போகவில்லை. இலையுதிர்காலத்தில் தனியாகப் படகு விட்டு மீன் பிடிப்பான்; உப்புப் போடுவான்; குளிர்காலத்தில் வலை பின்னுவான். பையன்கள் வளர்ந்து நீராவிக் கப்பல்களில் வேலைக்குப் போனார்கள். அவர்களுக்கு அப்பாக்களின் கடைசி வார்த்தை மனப்பாடம். அவனை வழியில் கண்டால் தொப்பியைக் கழற்றுவார்கள். நின்று பேசுகிறவர்கள் குறைவு.

1919 மார்ச்சில் நெஞ்சுச்சளி கண்டு இறந்தான். எட்லாவுக்குத் தகவல் போனது. பனி இளகிக்கொண்டிருந்த சமயம். நடக்கவும் முடியாது, படகும் விட முடியாது. அவள் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஒன்பது நாளாகியிருந்தது. புதிய மண்ணுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். அவன் வீட்டைத் திறந்து ஜன்னல்களைச் சரியாகச் சாத்தி, அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டிவிட்டு, பிற்பகல் படகில் திரும்பிப் போனாள்.