அழிக்காத வரி

திண்டுக்கல்லில் ஒரு பூட்டுக் கடையின் மாடியில் இருந்து நானும் என் தொழில் கூட்டாளியும் கடைக்காரர்களின் இணையதளங்களைப் பராமரித்துவந்தோம். அவற்றை ஓட்டும் சர்வர் எந்த ஊரில் இருந்ததோ, பிரவுசரில் ஒரு கறுப்புத் திரையைத் திறந்து அதற்குக் கட்டளை அடிப்போம். ஒருவர் அடிப்பது மற்றவர் திரையிலும் தெரியும். அதனால் என்னிடம் பேச வேண்டியதையும் அவர் அதிலேயே அடிப்பார். பக்கத்து நாற்காலிதானே, வாயைத் திறந்தால் என்ன என்று எனக்கு எரிச்சலாக வரும். கட்டளையாக ஓடிவிடக் கூடாதென்று என்டரைத் தட்டாமல் வரியை அப்படியே விட்டுவிடுவார். படித்ததும் நான் அழிக்க வேண்டும். அழித்தால் படித்தாயிற்று என்று அர்த்தம்.

“பிரியாணி சாப்ட்டு வாரேன். எதையும் தொடாதீங்க” என்று ஒரு மதியம் அடித்துவிட்டு இறங்கிப் போனார். பஸ் ஸ்டாண்ட் பக்கம் லாரி மோதி, அங்கேயே போய்விட்டார்.

காரியம் முடிந்து வந்து பிரவுசரைத் திறந்தேன். இங்கே கம்ப்யூட்டரை அணைத்தாலும் சர்வரில் அந்தத் திரை ஓடிக்கொண்டுதான் இருக்கும். வரி அப்படியே இருந்தது. அவர் இப்போதுதான் கையை எடுத்தது போல, கடைசி எழுத்தை ஒட்டிக் கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது.

என் வேலைக்கு வேறு திரை திறந்துகொள்கிறேன். சர்வரை ஒருமுறை அணைத்துப் போடச் சொல்லி அறிவிப்பு வந்துகொண்டே இருக்கிறது. அணைத்தால் அந்த வரி போய்விடும்.

எங்கள் கணக்குப்படி, அவர் அடித்ததை நான் இன்னும் படிக்கவில்லை.