முதுகில் இரண்டு தட்டு

பிச்சுமணி ஐயர் பால்காரியை நம்பமாட்டார். செம்பில் விரலை விட்டு, ஒரு சொட்டை நகத்தின்மேல் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் பாலை உள்ளே அனுப்புவார். ஜட்காக்காரன் "ஏறுங்க சாமி" என்று பணிவாகச் சொன்னால், முதலில் குதிரையின் காலைப் பார்ப்பார். கோவிலில் அர்ச்சகர் பிரசாதத்தை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வைத்துவிட்டால் வீடு வந்து சேரும்வரை அதே யோசனைதான். "தெருவுல யாராவது சும்மா சிரிச்சாக்கூட, எதுக்குச் சிரிச்சான்னு ராத்திரி முழுக்கப் புரண்டுண்டு இருப்பார்" என்று அவர் மனைவி வாலாம்பாள் அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறாள்.

இந்தக் குணம் அவருக்கு மதுரையில் வந்ததல்ல, ரங்கூனிலிருந்து கொண்டுவந்தது. அங்கே ஓர் அரிசி மில்லில் கணக்கப்பிள்ளையாக இருந்தபோது, கொட்டகை போட்டிருந்த குஸ்திக் கம்பெனிக்கு ஆசையாகப் போனார். இரண்டு பயில்வான்கள் ஒருவன் காதை ஒருவன் கடித்துப் பிடுங்குவதுபோல் மோதினார்கள். பிச்சுமணி நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினார், தொண்டை கட்டிக்கொண்டது. மறுநாள் காலை அந்த இருவரும் ஒரு கடையில் ஒரே தட்டில் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்ததைப் பார்த்தார். இருவர் காதுகளும் இருந்த இடத்தில் பத்திரமாக இருந்தன. கட்டிய தொண்டை சரியாக ஒரு வாரம் ஆயிற்று. மனசு சரியாகவே இல்லை.

ஊர் திரும்பி ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக அமர்ந்த பிறகு, வாரப் பத்திரிகை நடத்திவந்த சொக்கநாதன் பிள்ளை அவரைத் தேடி வந்தார். தமுக்கம் மைதானத்தில் குஸ்திக் கம்பெனி ஒன்று கூடாரம் அடித்திருந்தது. விமர்சனம் எழுத ஆள் வேண்டும்.

"ஓய், கைதட்டுறதுக்கு ஊர்ல ஆயிரம் பேர் இருக்கான். எனக்குக் கைதட்டாத ஆளு ஒருத்தன் வேணும்" என்றார் பிள்ளை.

பிச்சுமணிக்கு அது பிடித்துப்போயிற்று. 'கோதாவிலிருந்து' என்ற தலைப்பில் எழுத ஆரம்பித்தார். அவருடைய விமர்சனம் இந்த ரீதியில் போகும்:

"முதல் ஜோடி, லாகூர்ப் புலியும் கல்கத்தாக் கரடியும். புலி கரடியின் கழுத்தை நெரித்தது. நெரிபடுகையில் கரடி எதையோ சொல்ல, புலி தலையை ஆட்டிற்று. கழுத்து நெரிபடுகிறவனுக்குப் பேசுவதற்கு மூச்சு ஏது? இரண்டாவது ஜோடியில், ஹங்கேரி தேசத்து ஜாம்பவான் என்று சொல்லப்படும் சாண்டர் துரையின் கால்விரலை எதிராளி மிதித்துவிட்டார். துரை 'ஐயோ அப்பா' என்றார். ஹங்கேரியிலும் அப்படித்தான் அலறுவார்களா என்பதை விஷயம் அறிந்தவர்கள் தெரிவிக்கவும்."

ஜனங்கள் இதைப் படித்துவிட்டுச் சிரித்தார்கள். சிரித்துவிட்டு மறுபடியும் டிக்கெட் வாங்கினார்கள். அதிலும் பிச்சுமணிக்கு ஒரு சந்தேகம் உண்டு. கம்பெனி மானேஜர் தன்னைப் பார்க்கும்போதெல்லாம் எதற்காக இவ்வளவு மரியாதையாகக் கும்பிடுகிறான்?

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் மானேஜர் ஒரு சவால் விட்டான். இந்த ஜில்லாவில் எவன் வேண்டுமானாலும் சாண்டர் துரையோடு மோதலாம். கறுப்புக் கோட்டுப் போட்ட ரெப்ரீ ஒருவன் சட்டத்தை இங்கிலீஷில் ஒரு தடவையும் ஹிந்துஸ்தானியில் ஒரு தடவையும் படித்தான். எதிராளியின் இரண்டு தோளும் தரையில் படியும்படி அமுக்கிப் பிடிக்க வேண்டும். ரெப்ரீ மூன்று எண்ணி முடிக்கிறவரை விடக்கூடாது. அதற்கு முன் விட்டால் ஆட்டம் தொடரும். பிச்சுமணிக்கு இங்கிலீஷ் புரிந்தது. சுற்றியிருந்தவர்கள் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டத்திலிருந்து முத்திருளன் எழுந்து வந்தான். செக்கானூரணிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் பருத்தி விவசாயம் பார்க்கிறவன். கதவு மாதிரி முதுகு. கோதாவில் ஏறியதும் குனிந்து மண்ணைத் தொடப் போனான். கீழே விரித்திருந்தது தார்ப்பாய். சரி என்று தார்ப்பாயையே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மேற்கே பார்த்து ஒரு கும்பிடு போட்டான்.

பிடி ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே சாண்டர் துரை ஆகாயத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, மல்லாக்கக் கீழே விழுந்தார். கூடாரம் அதிர்ந்தது. பிச்சுமணிகூட எழுந்துவிட்டார். அப்புறம் நடந்ததுதான் யாருக்கும் விளங்கவில்லை. முத்திருளன் விழுந்தவரை அமுக்கவில்லை. கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினான். அவர் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினான். பிறகு ஜனங்கள் பக்கம் திரும்பி இரண்டு கையையும் தூக்கினான். அந்தச் சமயம் பார்த்துச் சாண்டர் பின்னாலிருந்து காலை வாரி, புரட்டிப்போட்டு, மேலே ஏறி உட்கார்ந்தார். முத்திருளன் திமிறவே இல்லை. ஏதோ வேடிக்கை பார்க்கிறவன்போல் கிடந்தான். ரெப்ரீ மூன்று எண்ணிவிட்டான்.

"விலைபோயிட்டான்டா!" என்று ஒரு குரல் கேட்டது. அப்புறம் கூடாரம் முழுக்க அதே பேச்சு.

பிச்சுமணிக்கு எல்லாம் கண்ணாடிபோல் தெளிவாகிவிட்டது. புதன்கிழமை பத்திரிகையில் எழுதினார்: "வீழ்த்தியவன் வீழ்ந்தவனின் முதுகில் தட்டுவானேன்? ஒன்றல்ல, இரண்டு தட்டு. 'நான் என் பங்கை முடித்தேன், இனி உன் பங்கு' என்று அதற்கு அர்த்தம். அது முன்பே பேசிவைத்த சைகை என்பது நமது துணிபு."

வியாழக்கிழமை காலை வாலாம்பாள் வாசலில் சாணி தெளித்துக் கோலம் போட்டுவிட்டு உள்ளே போயிருந்தாள். பிச்சுமணி படியில் நின்று பால்காரியை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். பால்காரிக்குப் பதில் முத்திருளன் வந்து நின்றான்.

"பிச்சுமணி அய்யருன்னா நீங்கதேனா சாமி?"

பிச்சுமணி முதலில் அவன் கையைப் பார்த்தார். கம்பு இல்லை. ஆனால் அந்தக் கைக்குக் கம்பு தேவையும் இல்லை.

"என்ன வேணும் உனக்கு?"

"நீங்க எழுதுனதை எங்கூர் காப்பிக்கடையில வாசிச்சாக. நான் தொரைக்குச் சாடை காட்டுனேனாம். நாளைக்கு எங்கூர்த் திருவிழாவுல மல்லுக்கட்டு. வருசாவருசம் மொதப் பிடி எனக்குத்தேன். எங்கப்பனுக்கு அப்பறம் எனக்கு. எங்க மாமன் விருமாண்டிதேன் களத்துக்குப் பெரிய ஆளு. 'விலைபோனவன் காலு இந்த மண்ணுல படக்கூடாது'ன்னு சொல்லிப்புட்டாரு. நாளைக்கு எறங்கலேன்னா நான் இனி என்னைக்கும் எறங்க முடியாது சாமி."

"நான் பார்த்ததைத்தான் எழுதினேன்."

"என்னத்தைப் பாத்தீக?" என்று கேட்டபடி முத்திருளன் ஓர் அடி முன்னால் வைத்தான்.

பிச்சுமணி பக்கவாட்டில் இரண்டு அடி நகர்ந்தார். சாணி தெளித்த ஈரத்தில் கால் வழுக்கிற்று. கோலத்தின் நடுவில் மல்லாக்க விழுந்தார். சத்தம் கேட்டு வாலாம்பாள் ஓடி வருவதற்குள், ஒரு பெரிய கை அவரைக் கொத்தாகத் தூக்கி நிறுத்தியது. அதே கை அவர் முதுகில் தட்டியது. இரண்டு தட்டு. கோலமாவு புகையாய்ப் பறந்தது.

பிச்சுமணி சட்டென்று திரும்பினார்.

"இப்ப... இப்ப என்ன பண்ணினே நீ?"

"மாவு ஒட்டியிருந்துச்சு சாமி. தட்டிவிட்டேன்."

"அன்னிக்குத் துரையையும் அப்படித்தானே தட்டினே?"

"விழுந்தவன் முதுகைத் தட்டிவிடாம எப்பிடி விடுறது? முதுகுல மண்ணுபட்டா ஆட்டம் முடிஞ்சுது. ஜெயிச்சவன் தூக்கிவிட்டு, மண்ணைத் தட்டிவிடணும். அப்பத்தேன் அவன் வெக்கமில்லாம வீட்டுக்குப் போவான்."

"அங்கே தார்ப்பாய்தானே விரிச்சிருந்தது? மண் ஏது?"

முத்திருளன் முகம் தொங்கிற்று. "எங்க மாமனும் இதேதேன் கேக்குறாரு. கை அதுவாப் போகுது, நான் என்ன செய்ய?"

"அவன் பின்னால வந்து பிடிச்சப்போ ஏன் சும்மா கிடந்தே?"

"முடிஞ்ச ஆட்டத்துல எதுக்குக் கட்டிப்பொரளணும்? ஏதோ கோவத்துல இழுக்குறான்னு நெனைச்சேன்."

"மூணு எண்ணறவரைக்கும் அமுக்கணும்னு அந்தக் கறுப்புக் கோட்டுக்காரன் சொன்னானே!"

"அவன் என்னமோ தஸ்ஸு புஸ்ஸுன்னான். நான் சாமி கும்பிட்டுக்கிட்டிருந்தேன்."

பிச்சுமணிக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. அந்தக் கூடாரத்தில் ஊர்ப்பிடியின் வழக்கம் தெரிந்தவனுக்கு இங்கிலீஷ் புரியவில்லை. இங்கிலீஷ் புரிந்த தனக்கோ ஊர்ப்பிடியைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை. சட்டம் இரண்டு இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஆனாலும் அவர் பிச்சுமணி. முத்திருளனை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போய் மனைவியிடம் கேட்டார்:

"ஏண்டி, அவன் என்னைத் தள்ளிவிட்டிருப்பானோ? தூக்கித் தட்டிக் காட்டறதுக்காக?"

"நன்னாயிருக்கு! ஜன்னல் வழியாப் பாத்துண்டுதானே இருந்தேன். நீங்களா பயந்து, நீங்களா விழுந்தேள். என் கோலம்தான் போச்சு" என்றாள் வாலாம்பாள்.

சொக்கநாதன் பிள்ளையிடம் ஓடினார். பிள்ளை அசையவில்லை. "மறுப்புப் போடணும்னா அடுத்த புதன்கிழமைதான் ஓய். நாளைத் திருவிழாவுக்கு நான் எங்கிருந்து பத்திரிகை அடிக்கிறது? தவிர, எதுக்கு மறுப்பு? இந்த வாரம் ஒரு பிரதிகூட மிச்சமில்லை."

ஆகவே வெள்ளிக்கிழமை மத்தியானம் பிச்சுமணி தாமே பஸ் ஏறினார். அவன் ஊரார் அடித்தால் யார் கேட்பது என்ற பயம் வழிநெடுகக் கூடவே வந்தது.

களம் கோவிலுக்குப் பின்னால் இருந்தது. உழுது, தண்ணீர் தெளித்து, மெத்தை மாதிரி ஆக்கிவைத்த செம்மண். சுற்றிலும் ஆண்கள், அவர்களுக்குப் பின்னால் பெண்கள். முத்திருளன் களத்துக்கு வெளியே, செருப்புகள் கிடந்த இடத்தில் நின்றான். விருமாண்டி நரைத்த மீசையைத் தடவிக்கொண்டு பிச்சுமணி சொன்னதையெல்லாம் கேட்டார். கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்:

"முந்தாநாளு ஒண்ணு எழுதுவீக. இன்னைக்கு வந்து வேற ஒண்ணு சொல்லுவீக. உங்களுக்கு எம்புட்டுக் குடுத்தான் இந்தப் பய?"

பிச்சுமணிக்குக் காது சூடாயிற்று. பிறந்ததிலிருந்து அவரை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

"சத்தியமா ஒண்ணும் குடுக்கலை! அங்கே சட்டம் வேற. முதுகு தரையில பட்டாலும் ஆட்டம் முடியாது. மேலே உட்கார்ந்து மூணு எண்ணணும்."

"மூணு எண்ணணுமா? எண்ணத் தெரியாத பய என்ன செய்வான்?"

கூட்டம் சிரித்தது.

"விழுந்தவன் எந்திரிச்சு, மண்ணைத் தட்டிவிட்டவனையே பின்னால வந்து இழுப்பானாக்கும்? அப்பிடி ஒரு சட்டத்தை எந்தக் கிறுக்கன் போடுவான்? கதை விடாதீக அய்யரே, போய் பஸ்ஸைப் பிடிங்க" என்றார் விருமாண்டி.

பிச்சுமணி சட்டையைக் கழற்றினார். மடித்து, அதன்மேல் மூக்குக்கண்ணாடியை வைத்தார். குடுமியை இறுக்கி முடிந்துகொண்டு, பஞ்சகச்சத்தோடு களத்தில் இறங்கினார்.

"முத்திருளா, வா இங்கே. துரையை என்ன பண்ணினாயோ, அதை அப்படியே என்னைப் பண்ணு."

"ஐயோ வேணாம் சாமி!"

"உன்னை இறங்கக்கூடாதுன்னுதான் சொன்னா. என்னோட இறங்கக்கூடாதுன்னு சொல்லலியே. வா."

விருமாண்டி தடுக்கவில்லை. அய்யர் என்னதான் செய்யப்போகிறார் என்று பார்க்கிற ஆசை அவருக்கும் இருந்தது. பெண்கள் பக்கமிருந்து முத்திருளன் மனைவி ஒச்சாயியின் குரல் வந்தது: "யோவ், பாத்துப் பிடி! சாமிக்கு இருக்குற எலும்பை வெளியில நின்னே எண்ணிப்புடலாம்!"

முத்திருளன் அவரைத் தொட்டிலில் போடுகிற பிள்ளைபோல் தூக்கி, மெதுவாக மல்லாக்கக் கிடத்தினான். ஈர மண் முதுகில் ஜில்லென்று ஒட்டியது. கைகொடுத்துத் தூக்கினான். இரண்டு தட்டு. மண் உதிர்ந்தது. பிறகு பழக்கம் விடாமல் கூட்டத்தின் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினான்.

பிச்சுமணி கண்ணை மூடிக்கொண்டு அவன் காலில் பாய்ந்தார்.

"ஏய்!" என்று களத்தைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். சிலர் கம்பைக்கூட ஓங்கிவிட்டார்கள். முத்திருளன் சாய்ந்தான். பிச்சுமணி எப்படியோ ஏறி அவன் மார்பில் உட்கார்ந்து, மூச்சு வாங்க எண்ணினார்: "ஒண்ணு! ரெண்டு! மூணு! ஆச்சு, நான் ஜெயிச்சாச்சு! அங்கே இதுதான் சட்டம்!"

விருமாண்டி ஓங்கிய கம்புகளைப் பார்த்தார். மார்மேல் உட்கார்ந்திருந்த அய்யரைப் பார்த்தார்.

"அடப் பாவிகளா! மண்ணைத் தட்டிவிட்டவனையா இப்பிடிச் செஞ்சாய்ங்க?" என்றார். மீசை துடித்தது. பிறகு தம் பழைய கேள்வியையே மறுபடியும் கேட்டார்: "தார்ப்பாயில மண்ணு ஏதுடா, மாப்ள?"

"இல்லதேன் மாமா" என்றான் முத்திருளன், கிடந்தபடியே.

"இல்லாத மண்ணைத் தட்டிவிட்டிருக்கியேடா, கூறுகெட்ட பயலே" என்று சொல்லி அவர் கையை நீட்டினார். "எந்திரி. மொதப் பிடி உனக்குத்தேன்."

முதல் பிடியில் முத்திருளன் ஜெயித்தான். சாயங்காலம் பஸ் வருகிற இடம்வரை அவன் பிச்சுமணிக்குத் துணை வந்தான். பாதி வழியில் பிச்சுமணியின் நடை தளர்ந்தது. ஹங்கேரி ஜாம்பவான், அவன் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும், தூணைப்போல் இருப்பான். அவன் இழுத்து இவன் விழுந்ததில் நியாயம் உண்டு. ஆனால் தான் இழுத்து இவன் விழுவானா?

"முத்திருளா, நிஜத்தைச் சொல்லு. நான் காலைப் பிடிச்சப்போ, நீயா விழுந்தியா?"

"சாமி பாய்ஞ்ச பாய்ச்சலுக்கு எவன் நிப்பான்?" என்றான் முத்திருளன். முகத்தில் சிரிப்பு இல்லை. சிரிப்பே இல்லாததுதான் பிச்சுமணிக்கு உறுத்தியது.

புதன்கிழமை மறுப்பு வெளிவந்தது. கம்பெனியின் சட்டத்தை இனித் தமிழிலும் வாசிக்க வேண்டும் என்று காரசாரமாக எழுதியிருந்தார். திருவிழாவில் நடந்த பிடிகளையும் ஒவ்வொன்றாக அலசியிருந்தார். முதல் பிடிக்கு முன்னால் களத்தில் நடந்த ஒன்றைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை.

"ஊரெல்லாம் அதைத்தானே பேசுறான். அதை ஏன் ஓய் விட்டீர்?" என்று சொக்கநாதன் பிள்ளை கேட்டார்.

பிச்சுமணி, பிள்ளை எதற்காகக் கேட்கிறார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.