படிக்கட்டில் நடந்த பொதுக்குழு

எங்கள் குடியிருப்பில் லிப்ட் கிடையாது. தரைத்தளமும் மேலே மூன்று மாடியுமாகப் பதினாறு வீடுகள். தாம்பரத்தில் அடுக்குமாடி என்றாலே ஜனங்கள் நின்று வேடிக்கை பார்த்த காலத்தில் கட்டியது. காற்றுக்கு ஆசைப்பட்டு, மூன்றாம் மாடிதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கவைத்தது நான். அன்றைக்கு எல்லாருக்கும் முழங்கால் சொன்னபடி கேட்டது.

போன வருடம் என் வீட்டுக்காரர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்பார். படி இறங்க மட்டும் முடியாது. டாக்டரிடம் போக வேண்டிய நாளில் இரண்டாம் மாடி அண்ணன் தம்பிகளும் வாட்ச்மேனும் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிப் போவார்கள். கண்ணை இறுக மூடிக்கொள்வார். திரும்பி வந்தால் அன்றைக்கு முழுக்க யாரோடும் பேச்சில்லை. மற்ற நாளெல்லாம் பால்கனிக் கம்பிக்கு வெளியே என்ன தெரிகிறதோ அதுதான் அவருக்கு உலகம்.

ஊரப்பாக்கத்தில் புது அடுக்குமாடியில் இருக்கும் மகன் முடிவாகச் சொல்லிவிட்டான். "இந்தப் பொதுக்குழுவுலயும் லிப்ட் பாஸ் ஆகலன்னா வீட்டை வாடகைக்கு விட்டுட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடுங்கம்மா." நியாயமான பேச்சுதான். ஆனால் இவர் ஒப்புக்கொள்ளவில்லை. "அங்க நான் விருந்தாளி. இது என் வீடு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

லிப்ட் வைக்க இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. படிக்கட்டுச் சுவரை ஒட்டி, தரைத்தளத்து மூலை வீட்டின் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே. அந்த வீட்டில் ரிட்டையரான கணக்கு டீச்சர் ஒருவர் தனியாக இருக்கிறார். ஒரு வீட்டைப் பாதிக்கிற வேலை என்றால் அந்த வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும் என்பது எங்கள் சங்கத்து விதி. போன பொதுக்குழுவில் டீச்சர் மறுத்துவிட்டார். "அந்த ஜன்னல் ஒண்ணுலதான் எனக்கு வெளிச்சம்" என்றார். நான் சும்மா இருப்பேனா? "உங்களுக்கு ஜன்னல் பெருசா, மனுஷன் பெருசா?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டேன். அதோடு பேச்சுவார்த்தை நின்றது. கேட்டில் எதிரே வந்தால் அவர் செம்பருத்தியைப் பார்ப்பார், நான் செல்போனைப் பார்ப்பேன்.

இன்னொரு விதியும் உண்டு. ஒரு காலத்தில் இங்கே வாடகைக்கு இருந்தவர்கள் எல்லாம் உரிமையாளரிடம் கடிதம் வாங்கிவந்து இஷ்டத்துக்குக் கை தூக்கிக்கொண்டிருந்தார்கள். அப்போதிருந்த செக்ரட்டரிக்கு மூக்குமேல் கோபம் வந்துவிட்டது. உரிமையாளர் நேரில் வர வேண்டும், கடிதமும் செல்லாது, பெண்டாட்டி பிள்ளையும் செல்லாது, வராதவருக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை என்று எடுத்துக்கொள்ளப்படும் என்று தீர்மானம் போட்டார். அந்த செக்ரட்டரி வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர்தான். வீடும் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆக, யாருக்காக லிப்டோ அவரால் கீழே போய்க் கை தூக்க முடியாது, அவருக்காக நானும் தூக்க முடியாது. "நல்லா போட்டீங்க தீர்மானம்" என்று தலையில் அடித்துக்கொண்டேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அப்படி அடித்துக்கொண்டபோதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. நேரே முதல் மாடிக்கு இறங்கி பிரசிடென்ட் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"சார், பொதுக்குழு கார் பார்க்கிங்லதான் நடக்கணும்னு விதியில இருக்கா?"

"அப்படி இல்ல மேடம். வளாகத்துக்குள்ள நடக்கணும்னு இருக்கு."

"படிக்கட்டும் வளாகத்துக்குள்ளதான சார் இருக்கு?"

மனிதர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். நோட்டீஸ் மாறியது: இடம், படிக்கட்டு, மூன்றாம் மாடி. இவர் வாசலில் உட்கார்ந்தே கை தூக்கலாம் என்ற பாதியைத்தான் பிரசிடென்டுக்கு நான் சொன்னேன். மறு பாதி என் மனசுக்குள் இருந்தது. டீச்சருக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனவை. முதல் மாடிக்கே அவர் ஏறி யாரும் பார்த்ததில்லை. வராவிட்டால் ஆட்சேபணை இல்லை, அவ்வளவுதானே. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் வாசற்படியிலிருந்து இரண்டாம் மாடி வரைக்கும் படிக்குப் படி ஆட்கள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் என் வீட்டுக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இத்தனை முகங்களை ஒரே நேரத்தில் பார்த்து எத்தனை நாளாயிற்று அவருக்கு. மாப்பிள்ளை மாதிரி எல்லாருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார். பிரசிடென்ட் படித்திருப்பத்தில் நின்று பேச, அவர் பேசியதை ஒருவர் திரும்பி அடுத்தவருக்குச் சொல்ல, கடைசிப் படிவரை இறங்கிப் போயிற்று. இரண்டாம் மாடியில் போண்டா பொரியும் வாசனை வேறு.

அப்போது கீழேயிருந்து ஒரு சேதி படிப்படியாக ஏறி வந்தது.

"டீச்சர் கெளம்பிட்டாங்க."

எனக்குப் பக்கென்றது. கூட்டம் நின்றுவிட்டது. எல்லாரும் கைப்பிடிச் சுவரில் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"முதல் மாடி வந்துட்டாங்க."

"உக்காந்துட்டாங்க."

"எழுந்துட்டாங்கப்பா, மறுபடி ஏறுறாங்க."

கிரிக்கெட் கமெண்டரி கெட்டது போங்கள். பிள்ளையாரே, அந்த அம்மாவை எப்படியாவது திருப்பி அனுப்பிவிடு என்று நான் வேண்டிக்கொண்டிருக்க, இந்தப் படுபாவி ஜனங்கள் அவருக்குக் கை தட்டி உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தார்கள். கடைசிப் படி ஏறி வந்தவரைப் பார்த்தால் ரவிக்கை முழுக்க வியர்வை. மூச்சு வாங்கியதில் பேச்சே வரவில்லை.

"டீச்சருக்கு மொதல்ல தண்ணி குடும்மா" என்றார் என் வீட்டுக்காரர்.

கொடுத்தேன். குடித்தார். தம்ளரை என்னிடம் நீட்டிவிட்டு, "எனக்குச் சம்மதம் இல்ல. இதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றார்.

அவ்வளவுதான். தீர்மானம் விழுந்தது. எனக்குக் கண்ணெல்லாம் எரிந்தது. இவரோ, "அவங்க வீடு, அவங்க ஜன்னல். அவங்க சொல்றது சரிதான்" என்றார். அந்த நேரத்தில் டீச்சரைவிட இவர்மேல்தான் எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஊரப்பாக்கத்துக்கு எந்தெந்தப் பாத்திரத்தை எடுத்துப் போவது என்று மனசு அதற்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

போண்டா வந்தது, ஆளாளுக்கு எடுத்துக்கொண்டார்கள். டீச்சர் எழுந்து ஒரு படி இறங்கினார். இரண்டாவது படிக்குக் கால் போகவில்லை. முழங்கால் பூட்டிக்கொண்டுவிட்டது. ஏறுவதைவிட இறங்குவதுதான் தேய்ந்த முட்டிக்குப் பெரும்பாடு. அரைமணி நேரம் உட்கார்ந்து தைலம் தேய்த்தும் பலனில்லை. கடைசியில் அண்ணன் தம்பிகள் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியையே எடுத்து வந்தார்கள். டீச்சர் முகம் செத்துவிட்டது.

"டீச்சர்," என்றார் என் வீட்டுக்காரர். "ரெண்டாம் மாடித் திருப்பத்துல நாற்காலி சாயும், பயப்படாதீங்க. ஓரத்தைப் பிடிக்காதீங்க, சுவத்துல விரல் நசுங்கும். கையை மடியில வச்சுக்குங்க. கண்ணை மூடிக்கிட்டா சீக்கிரம் போயிடும்."

குரலில் கொஞ்சம்கூடக் கோபமில்லை. பக்கத்து ஊருக்கு வழி சொல்கிற மாதிரி சொன்னார்.

தூக்கினார்கள். நானும் பின்னாலேயே இறங்கினேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நாற்காலி சாய்ந்தது. டீச்சர் கை மடியை விட்டு வந்து காற்றைப் பிடித்தது. புடவை கணுக்காலுக்கு மேல் ஏறிக்கொண்டது. அதை இழுத்துவிடக்கூட அவரால் முடியவில்லை. "எறக்குங்கப்பா, எறக்குங்க" என்றார். இறக்கிவைத்தார்கள். நான் குனிந்து புடவையைச் சரி செய்தேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அவர் எப்பல்லாம் இப்படிக் கீழ வந்தாரு?"

"டாக்டரைப் பாக்கப் போறப்ப."

"வேற எதுக்காவது?"

"வேற எதுக்கும் வந்ததில்ல டீச்சர்."

"பிரசிடென்டைக் கூப்பிடு."

பிரசிடென்ட் பாதிப் போண்டாவோடு ஓடி வந்தார். "நான் சொன்னதை மாத்தி எழுதிக்குங்க சார். எனக்குச் சம்மதம். ஆனா என் சமையல்கட்டுக்கு சங்கம் லைட் போட்டுத் தரணும். பகல்ல எரியிற கரண்டும் உங்களோடது" என்றார் டீச்சர்.

"போட்டுடலாம் டீச்சர். ஆனா கூட்டம்தான் முடிஞ்சுபோச்சே" என்று பிரசிடென்ட் தலையைச் சொறிந்தார்.

"எங்க முடிஞ்சுது? இன்னும் நன்றியுரை சொல்லல சார்" என்று கீழேயிருந்து செக்ரட்டரி கத்தினார். எங்கள் சங்கத்தில் நன்றியுரை இல்லாமல் எந்தக் கூட்டமும் முடிந்ததாகக் கணக்கில்லை. எல்லாரும் கையில் போண்டாவோடு அவரவர் படிக்கு ஓடினார்கள். டீச்சர் நாற்காலியில் இருந்தபடியே கை தூக்கினார். படி நெடுகக் கைகள். "பாஸ்" என்று ஒரு குரல் கிளம்பி மேலே ஏறியது. நான் அதை முந்திக்கொண்டு ஏறினேன். எனக்கும் அறுபது தாண்டிவிட்டது என்பதெல்லாம் அப்போது ஞாபகமே இல்லை.

இவர் வாசலில் வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றிருந்தார்.

"காதுல விழுந்துது" என்றார். "என் செருப்பை எங்க வச்ச?"

"லிப்ட் வர இன்னும் எத்தனையோ மாசம் ஆகுங்க."

"ஆகட்டும். செருப்பை எடுத்து வாசல்ல வை."

செருப்பு வீட்டில் இல்லை. இனி இவருக்கு எதற்கு என்று போன பொங்கலுக்கு வீட்டை ஒழித்தபோது நான்தான் பழைய சாமானோடு போட்டுவிட்டேன். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இதோ வரேன்" என்று பர்ஸை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். வழியெல்லாம் ஆட்கள், சிரிப்பு, போண்டா. டீச்சரின் நாற்காலியைத் தாண்டும்போது அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இப்ப எங்க ஓடற?"

"செருப்பு வாங்க, டீச்சர்" என்றேன். "அவருக்கு."