போர் தண்ணீர்

எங்கள் வேனுக்குச் சூடு பிடிக்கும் வியாதி இருந்தது. நாங்கள் வாங்கும்போதே அது ஓடி ஓடிக் களைத்த வண்டி. எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று காட்டும் முள் எப்போதோ நின்றுவிட்டிருந்தது. எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் எங்கள் கைக்கு வந்த பிறகு நின்றது. ஆரணிக்குள் ஓட்டும்வரை சாதுவாக இருக்கும். சேத்துப்பட்டுப் பக்கம் போனால் பாதி வழியில் உஸ்ஸென்று ஆவி விடும். என் கணவர் இறங்கி, பானெட்டைத் தூக்கிவிட்டு, ஆறட்டும் என்று ஒரு பீடியைப் பற்றவைப்பார். சாயம் ஏற்றிய பட்டு நூலை வெளியூர் நெசவாளர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் அந்த வண்டி. நூலுக்கு அவசரம் இல்லை. அதனால் அவருக்கும் இல்லை.

வண்டிக்கு ஒரு மெக்கானிக் இருந்தார். ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் கண்டுபிடிப்பார். முதலில் ஃபேன் பெல்ட் தளர்ந்துவிட்டது என்று மாற்றினார். பிறகு தெர்மோஸ்டாட் என்று ஒரு சின்ன சாமானைக் கழற்றி எறிந்தார். "இதெல்லாம் குளுரு நாட்டுக்குண்ணே, நம்ம வெயிலுக்கு எதுக்கு?" என்றார். ரேடியேட்டர் மூடி சரியில்லை என்று புது மூடி வந்தது. சொட்டுச் சொட்டாக ஒழுகியபோது ஒரு கை மஞ்சள் தூளைப் போட்டு அடைத்தார். அப்போது நான், "கொஞ்சம் புளியும் மொளகாத்தூளும் போட்டுட்டா கொழம்பு ஆயிடும்" என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

"தண்ணி ஒழுங்கா ஊத்துறீங்களாண்ணே?" என்று மட்டும் எப்போதும் கேட்பார்.

"தெனமும் ஊத்துறேம்பா" என்பார் இவர்.

ஊற்றினார். அதில் பொய்யே இல்லை. தினமும் காலையில் வாசலில் இருந்த போர் பம்பை அடித்து, ஒரு குடம் பிடித்து, ரேடியேட்டர் கழுத்துவரை ஊற்றுவார்.

எங்கள் வீட்டில் இரண்டு விதத் தண்ணீர் உண்டு. சாயப்பட்டறை வைத்திருந்த வீடுகள் எல்லாவற்றிலும் அப்படித்தான். வாசல் போரில் வருவது உப்புத் தண்ணீர். அதில் சோப்பு நுரைக்காது. பட்டு நூலை அதில் வேக வைத்தால் அதன் மேலுள்ள பசை சரியாகப் போகாது, சாயம் திட்டுத் திட்டாக நிற்கும். அதனால் ஊருக்கு வெளியே ஒரு கிணற்றிலிருந்து மாட்டு வண்டியில் நல்ல தண்ணீர் வரும். என் கணவர் அதைப் பின்கட்டில் டிரம்களில் நிரப்பி, ஈரத்துணி போட்டு மூடி வைப்பார். வந்த தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பிப் பார்த்த பிறகுதான் இறக்கவே விடுவார். அதில் ஒரு செம்பு நான் எடுத்துவிட்டால் போதும், வீடே அதிரும். என் துவரம்பருப்பு மணிக்கணக்கில் அடுப்பில் கல்லாகக் கிடக்கும், அதைப்பற்றி அவருக்குக் கவலை இல்லை. பட்டு வெந்தால் போதும். அந்த டிரம்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு சித்திரை மாதம் என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். வலி எடுத்ததும் எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழந்தையின் இதயத் துடிப்பு குறைகிறது, உடனே வேலூருக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். ஆம்புலன்ஸ் வேறொரு கேஸை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. டாக்சி கூப்பிடலாம் என்றேன்.

"நம்ம வண்டி வாசல்ல நிக்குது. டாக்சிய தேடிகினு இருக்கிற நேரத்துல பாதி தூரம் பூடலாம்" என்றார்.

அது அந்த நேரத்துக்கு நியாயமான பேச்சுதான். நூல் மூட்டைகளை இறக்கிவிட்டுப் பாய் விரித்து அவளைப் படுக்கவைத்தோம். அவள் தலை என் மடியில். நடுப்பகல் வெயில். அவர் அந்த வண்டியை அவ்வளவு வேகமாக ஓட்டி நான் பார்த்ததே இல்லை. கண்ணமங்கலம் தாண்டியதும் ஒரு நாற்றம் வந்தது, பெயின்ட் கருகுவதுபோல. எனக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னாங்க, பொகையுதுங்க."

"தெரியுது, சும்மா இரு."

இன்னும் கொஞ்ச தூரம் இழுத்தது. பிறகு எஞ்சின் ஒரு முறை கரகரவென்று கத்திவிட்டு நின்றது. அவர் பீடி பற்றவைக்கவில்லை. துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு கொதிக்கிற மூடியைத் திருகினார். ஆவி பீய்ச்சி அடித்து முன்கை முழுக்க வெந்துபோனது. அந்தக் கையோடு கேனில் இருந்த தண்ணீரை ஊற்றினார், சாவியைத் திருப்பினார், மறுபடி ஊற்றினார், மறுபடி திருப்பினார். உள்ளே என் மகள், "அப்பா, ஜல்தி போப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வண்டி நின்றுவிட்டது அவளுக்குப் புரியவில்லை. நான் ரோட்டின் நடுவில் போய் நின்றேன். ஒரு லாரி ஒதுங்கிப் போனது. ஒரு கார் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. வெகுநேரம் கழித்து ஒரு பஸ் நின்றது. பின்சீட்டில் இருந்தவர்கள் எழுந்து இடம் விட்டார்கள்.

வேலூரில் குழந்தையை வெளியே எடுத்தபோது அது அழவில்லை. ஆண் குழந்தை, நல்ல எடை, தலை நிறைய முடி. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். எத்தனை பேரிடம் சொல்லிப் பழகியிருப்பாரோ, மெதுவாகத்தான் சொன்னார். அந்த "கொஞ்சம்" என்ற சொல்லை இன்றுவரை என்னால் சாதாரணமாகக் கேட்க முடியவில்லை.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்து ஷெட்டில் போட்டார்கள். கையில் கட்டுடன் இவர் அங்கே போனார். தனியே விட எனக்குப் பயமாக இருந்தது, நானும் போனேன். மெக்கானிக் ரேடியேட்டரைக் கழற்றி நிமிர்த்தி வைத்து, மேல்வாயில் குழாயைச் செருகித் தண்ணீரைத் திறந்தார். மேலே நிரம்பி வழிந்தது. கீழ்வாயில் ஒரு நூல் அளவுக்குத்தான் இறங்கியது. பிறகு பற்றவைப்பை உருக்கி மேல்தொட்டியைப் பிரித்தார். உள்ளே வரிசையாக இருக்க வேண்டிய துளைகளைக் காணோம். வெள்ளை வெளேரென்று கட்டி தட்டி, பல இடங்களில் மூடியே போயிருந்தது.

"அண்ணே, இன்னா தண்ணிண்ணே ஊத்திகினு இருந்தீங்க? ஊருக்குள்ள ஓட இது போதும். தொரத்தி ஓட்டுனா எஞ்சினுக்குத் தண்ணியே போவாதே" என்றார்.

இத்தனை நாளாக என்ன தண்ணீர் என்று கேட்காத மனுஷன் அன்றைக்குக் கேட்டார். அவரை அறைய வேண்டும்போல இருந்தது. என் கணவர் குனிந்து, அந்த வெள்ளையை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார். துப்பவில்லை. அப்படியே விழுங்கிவிட்டார். ஊரிலேயே தண்ணீரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததுபோல யாருக்கும் தெரியாது. இரும்புக்கும் நாக்கு உண்டு என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

மகளை வீட்டுக்கு அழைத்துவந்தோம், டாக்சியில். அவளுக்குப் பால் கட்டிக்கொண்டு ஜுரம் வந்தது. நான் அவள் அப்பாவிடம் பேசவில்லை. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே பயம். ஒரு சாயங்காலம் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது அவர் காபியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

"வண்டிக்கு இன்னாதான் ஆச்சாம்ப்பா?" என்று கேட்டாள்.

பழைய வண்டி, எஞ்சின் போய்விட்டது என்று அவர் சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் நான் அப்படித்தான் சொல்லிவைத்திருந்தேன்.

"வண்டிக்கு ஒண்ணும் இல்லமா. போர் தண்ணிய ஊத்தி ஊத்தி ரேடியேட்டர நாந்தான் அடைச்சிட்டேன். நல்ல தண்ணி நூலுக்கு வேணும்னு வெச்சிகினேன்" என்றார்.

அவள் கத்துவாள், நாலு வார்த்தை கேட்பாள் என்று நான் காத்திருந்தேன். கேட்கட்டும் என்றுகூட நினைத்தேன்.

"உன் கை இன்னும் ஆறலியாப்பா?" என்றாள்.

அவர் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அழுதார்.