செம்பில் வந்த தண்ணீர்

மூன்றாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூடம் பார்த்தவனில்லை. ஆனால் ஐம்பதுகளின் கடைசியில் ராமநாதபுரத்தில் மெக்கானிக் ஷெட் போட்டபோது, என் கைக்கு அடங்காத மோட்டார் சைக்கிள் என்று ஒன்று இந்தப் பக்கம் ஓடவில்லை. ஓடியதே நாலைந்துதான் என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும்.

அதில் ஒன்று நயினார்கோவில் பக்கத்து நிலக்காரர் ஒருவருடையது. பேட்டரியில் உயிர் இருந்தால்தான் அந்த வண்டியில் எஞ்சின் பிடிக்கும். அதுவோ ஐந்து நாளைக்கு ஒருமுறை செத்தது. நான் சார்ஜ் ஏற்றி அனுப்புவேன். வண்டி மாட்டுவண்டியில் திரும்பி வரும். மூன்றாம் முறை வந்து இறங்கியபோது கடைத்தெருவே வேடிக்கை பார்த்தது.

"ஏலே, ஒன் கெட்டிக்காரத்தனம் அஞ்சு நாளைக்குத்தானா?" என்றார் நிலக்காரர். "திங்கக்கெழம வரைக்கும் பாப்பேன். இல்லாட்டி வண்டிய மதுரைக்கு ரயில்ல ஏத்திருவேன்."

"அப்ப இவன் இனிமே சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டவேண்டியதுதான்" என்றார் எதிர் டீக்கடைக்காரர்.

வண்டி மதுரைக்குப் போனால் என் பேரும் அதோடு போகும். மற்ற வண்டிக்காரர்களும் பின்னாலேயே போய்விடுவார்கள். ஷெட்டில் நான் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

சார்ஜ் ஏற்றிய பேட்டரியை மாட்டி எஞ்சினை ஓடவிட்டேன். மீட்டர் முள் சார்ஜ் பக்கம் சாய்ந்தது. டைனமோ நல்லது. எஞ்சினை நிறுத்தி, எல்லா சுவிட்சையும் அணைத்து, பேட்டரி வயரைக் கழற்றி முனையில் தொட்டுத் தொட்டு எடுத்தேன். பொறி வரவில்லை. வயரிலும் கசிவு இல்லை. பிறகு பேட்டரியைக் கழற்றி, மறுபடி நிறையச் சார்ஜ் ஏற்றி, ஒரு வயரும் மாட்டாமல் பலகை மேல் வைத்தேன். மூன்றாம் நாள் அதில் ஒரு பல்பை வைத்துப் பார்த்தால் மின்மினி அளவுகூட வெளிச்சமில்லை. யாருக்கும் உழைக்காமல், உட்கார்ந்த இடத்திலேயே செத்திருந்தது. வியாதி உள்ளே.

திங்கட்கிழமை நிலக்காரர் வந்தார். டீக்கடைக்காரர் கிளாசோடு வந்து நின்றார்.

"அய்யா, பேட்டரிக்குத் தண்ணி யாரு ஊத்துறது?"

"நாந்தேன். நீதான சொன்ன, கெணத்துத் தண்ணி உப்பு, மழத்தண்ணி ஊத்துங்கன்னு. மழ எங்கடா பேஞ்சுச்சு?"

"பெறகு எத ஊத்துனீக?"

"ராமேஸ்வரத்துத் தீர்த்தம். செம்புல அடச்சுப் பூசைக்கு வச்சிருந்தோம். வருசக்கணக்கா கெடாத தண்ணி. வீட்டுல சண்டை போட்டு எடுத்துட்டு வந்து ஊத்துனேன்."

டீக்கடைக்காரர் கிளாசைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தீர்த்தமும் கிணற்றில் இறைத்த தண்ணீர்தான், பேட்டரியைக் கெடுக்கும் உப்பும் சுண்ணாம்பும் அதிலும் உண்டு என்று எனக்குத் தெரியும். முகத்துக்கு நேரே அதைச் சொல்லியிருந்தால் பதில் சரியாக இருந்திருக்கும். வண்டி அன்றைக்கே ரயிலேறியிருக்கும்.

"தீர்த்தமா கெடுத்துச்சுங்கற?" என்று நிலக்காரரே கேட்டார். குரல் மாறியிருந்தது.

"தீர்த்தத்துல ஒரு கொறையும் இல்லய்யா. அது இருந்த செம்புதான் கோளாறு. பேட்டரிக்குள்ள இருக்கிறது ஈயம். ஈயத்துக்கும் செம்புக்கும் ஆகாது."

நிலக்காரர் குனிந்து பேட்டரியைப் பார்த்தார்.

"பித்தளை?"

"அதுவும் ஆகாது. கண்ணாடிச் சாடிதான்."

"இத மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்னலே?"

பழைய பேட்டரி தேறாது. புதுசு வாங்கிப் போட்டோம். அடுத்த மழைக்கு நிலக்காரர் ஊறுகாய்ச் சாடி இரண்டைக் கழுவி முற்றத்தில் வைத்தார். வண்டி மதுரைக்குப் போகவில்லை. செம்பு பட்டால் பேட்டரி செத்துப்போகும் என்று சுற்றுவட்டாரம் முழுக்க அவரே சொல்லிக்கொண்டிருந்தார். நான் மறுக்கவில்லை.

பல வருடம் கழித்து, படித்த இஞ்சினியர் ஒருவர் ஷெட்டுக்கு வந்தபோது பேச்சுவாக்கில் இதைக் கேட்டேன். செம்பு கலந்தால் பேட்டரி தானாகவே இறங்கிவிடும், உண்மைதான் என்றார். சமாளிக்க வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதுவும் சரியாக இருந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.