சன்னலுக்கு வெளியே நின்ற இருவர்

1970 ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் நாட்குறிப்பில் அந்த நாளுக்குப் பதினோரு வரிகள் இருக்கின்றன. நேரங்களில் பிழை கிடையாது. 6.10 லாரி புறப்பாடு. 7.15 காரைக்குடி. 9.30 முதல் பேட்ச். அன்று நான் செய்த ஒரு காரியத்தை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறேன். மறந்துபோனதால் அல்ல.

அன்று என் அக்காவுக்குத் தட்டச்சு லோயர் பரீட்சை. முதல் தடவை தவறியிருந்தாள். அவள் கணவர் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகளோடு தேவகோட்டையில் எங்கள் வீட்டில் இருந்தாள். ஒரு நூற்பாலை அலுவலகத்தில், சான்றிதழைக் கொண்டுவந்தால் வேலை என்று சொல்லியிருந்தார்கள். கீழச்சிவல்பட்டியிலிருந்து அவள் மாமனார் ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். இந்தத் தடவையும் தவறினால் தாயும் பிள்ளையும் அங்கே வந்துவிட வேண்டும் என்பது பேச்சு. அந்த வீட்டில் பெண்பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. அக்கா அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதெல்லாம் பரீட்சைக்கு மிஷின்களை இன்ஸ்டிட்யூட்காரர்களே கொண்டுபோக வேண்டும். எனக்கும் அக்காவுக்கும் தட்டச்சு சொல்லிக்கொடுத்த மாஸ்டர் எட்டு மிஷின்களையும் லாரியில் வைக்கோல் பரப்பி அடுக்கினார். தாலுகா ஆபீசில் வேலை பார்த்த நான் அன்று தூக்க இறக்கக் கூடப் போனேன். வழி நெடுக மாஸ்டர், மெல்லப் போ, மெல்லப் போ என்று டிரைவரைக் கெஞ்சிக்கொண்டே வந்தார். பாடம் நடத்தும்போது அவரைப்போல நிதானமான மனிதரைப் பார்க்க முடியாது. பரீட்சை வாரத்தில் மட்டும் ஆள் மாறிவிடுவார். தேறுகிறவர்களின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் அடுத்த வருடம் ஆள் சேரும்.

அக்கா பஸ்ஸில் வந்தாள். காலையில் நாலு இட்லி சாப்பிட்டு, மகளுக்குச் சடை பின்னிவிட்டுப் புறப்பட்டவள். பள்ளிக்கூட வராந்தாவில் தன் மிஷினின் மூடியைத் திறந்து பார்த்து, ஏன் ரிப்பனை மாற்றினீர்கள் என்று கேட்டாள். மாஸ்டர் முந்தின நாள் சாயங்காலம் எட்டு மிஷின்களுக்கும் புது ரிப்பன் போட்டிருந்தார். புது ரிப்பனில் மை அப்பும், எழுத்துகளின் உள்வட்டம் அடைபடும், பரீட்சைக்கு ஒரு வாரம் முன்பே போட்டுப் பழக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். எழுத்து மங்கி மார்க் போய்விடுமோ என்ற பயத்தில் அதை மறந்துவிட்டார்.

"ஒண்ணுமில்ல ஆத்தா, பயப்படாதீக. பயப்பட ஒண்ணுமே இல்ல" என்றார்.

அதுவரை அவள் பயப்படவில்லை.

அவளுக்கு அடுத்த மிஷினில் அடிக்க இருந்தவர், கோயில் அலுவலகம் ஒன்றின் குமாஸ்தா, "சார், நீங்க உள்ள போயி பரீட்சை எழுதுங்க. நாங்க வெளிய நின்னு பயப்படுறோம்" என்றார். எல்லோரும் சிரித்தோம். சிரித்தபடியே அவர் கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து அக்காவும் உள்ளங்கையைச் சேலையில் துடைத்தாள்.

முதல் தாள் வேகத் தாள். பத்து நிமிடம். நானும் மாஸ்டரும் சன்னலுக்கு வெளியே நின்றோம். மணி அடித்ததும் அறை முழுக்க மழை பிடித்ததுபோல ஆயிற்று. தட்டச்சு மிஷினில் ஒவ்வொரு வரி முடியும்போதும் சின்னதாக ஒரு மணி ஒலிக்கும். முதல் இரண்டு நிமிடம் அந்த மணிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டன. பிறகு கோயில் குமாஸ்தாவின் மணி மட்டும் அடிக்கடி கேட்கத் தொடங்கியது. அவர் பதற்றத்தில் விரட்டிக்கொண்டிருந்தார். அடுத்து அவருக்கு முன்னால் இருந்தவரின் மணி. அதன்பின் பின்வரிசை. சற்று நேரத்தில் அறையே அவர் பின்னால் ஓடியது. அக்காவின் மணியும் கூட ஓடியது. தாலுகா ஆபீசுக்கு வரும் தொற்றுநோய் அறிக்கைகளை நிறையப் படித்தவன் நான். இவ்வளவு விரைவாகப் பரவும் ஒன்றைப் படித்ததில்லை.

அக்கா தாளை நிமிர்ந்து பார்த்தாள். அடிக்கும்போது தாளைப் பார்க்கவே கூடாது, பாடத்தைத்தான் பார்க்க வேண்டும். புது ரிப்பனின் மை அப்பியிருப்பது அவள் கண்ணில் பட்டிருக்க வேண்டும். மறுபடி பார்த்தாள். மாஸ்டர் என் தோளைப் பிடித்து, "பாக்குறா, பாக்குறா" என்று முணுமுணுத்தார். கொஞ்ச நேரத்தில் நானும் அதையே முணுமுணுத்தேன்.

நாலாவது நிமிடம் அக்கா இரண்டு கைகளையும் மிஷினிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மாஸ்டர், "போச்சு" என்றார். நான் சன்னல் கம்பியைத் தட்டினேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. கையிலிருந்த சாவியின் வளையம் கம்பியில் பட்டு நன்றாகவே கேட்டது. நாலைந்து பேர் திரும்பினார்கள். திரும்பிய ஒவ்வொருவருக்கும் அது ஒரு வரி நஷ்டம். அக்கா திரும்பவில்லை. கண்காணிப்பாளர் எங்கள் இருவரையும் வராந்தாவை விட்டே விரட்டினார். மிச்சம் ஆறு நிமிடம் அவள் என்ன செய்தாள் என்று நான் பார்க்கவில்லை. நாட்குறிப்பில் எழுதாமல் விட்டது அந்தத் தட்டலைத்தான்.

இடைவேளையில் அக்கா வெளியே வந்தாள். ஏன் நிறுத்தினாய் என்று கேட்டேன். கேட்ட விதம் நன்றாக இல்லை.

"எல்லாரும் ஓடுறாக, நானும் ஓடுறேன். என்ன அடிக்கிறேன்னே தெரியல. கையை எடுத்தாத்தான் நிக்கும்னு எடுத்தேன். அப்புறம் என் வேகத்துல அடிச்சேன்" என்றாள். பிறகு, "அந்தத் தட்டு, நீதான?"

நான் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டேன். மாஸ்டர், நான்தான் ஆத்தா என்றார். அவள் நம்பவில்லை. அடுத்த தாளுக்கு இரண்டு பேரும் அங்குட்டுப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய் இருங்கள், முடிவு மணி அடித்தபிறகு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்தோம். தலையிலடித்துக்கொண்டு, ரிப்பன், ரிப்பன் என்றார் மாஸ்டர். நான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தேன். நான் பார்க்கும்போதெல்லாம் அவர் மணி என்ன என்று கேட்டார். ஒரு கட்டத்தில் கடைக்காரர், என்ன அண்ணே, ஆசுபத்திரியில யாரும் இருக்காகளா என்று எங்களிடம் விசாரித்தார்.

முடிவு வர மாதங்கள் ஆயின. அதற்குள் கீழச்சிவல்பட்டியிலிருந்து இரண்டு தடவை ஆட்கள் வந்து போனார்கள். பத்திரிகையில் அக்காவின் எண் இருந்தது. அதற்கு அடுத்த எண், கோயில் குமாஸ்தாவுடையது, இல்லை. பின்வரிசையில் அன்று திரும்பிப் பார்த்தவர்களில் இருவரை எனக்குத் தெரியும். அவர்களுடைய எண்களும் இல்லை. அவர்கள் எப்படியும் தவறியிருப்பார்கள் என்று மாஸ்டர் சொன்னார். எனக்குத் தெரியாது.

1971 தை மாதம் ஒரு திங்கட்கிழமை அக்கா வேலையில் சேர வேண்டும். மில் வரை கூடப்போக நான் லீவு எழுதி வைத்திருந்தேன். ஞாயிறு மத்தியானம் அவள் அந்தத் தாளை மேசையில் பார்த்துவிட்டாள்.

"வேணாம்டா. நீ வந்தா நாளைக்கு நான் உன்னையத்தான் பாத்துக்கிட்டு இருக்கணும்."

கோபமாகச் சொல்லவில்லை. சேலையை மடித்துக்கொண்டே சொன்னாள். மறுநாள் எட்டு ஐந்துக்கு அவள் புறப்பட்டபோது நான் கொல்லைப்புறத்தில் இருந்தேன். வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டபிறகுதான் உள்ளே வந்தேன்.